முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு திமிங்கிலம்

காலை ஏழு பத்துக்குத் திமிங்கிலத்தின் வால் காருக்குள் போக மறுத்தது.

முதல் நாளே நான் அளவுநாடா பிடித்து அளந்திருந்தேன். முன் இருக்கையைத் தள்ளி, பின் இருக்கையில் பாதியை மடித்தால் ஐந்து அடி கிடைக்கும். திமிங்கிலம் நாலேமுக்கால் அடி. எனக்குப் பெரிய திருப்தி. ஆனால் நான் அளந்தது வால் ஒட்டாத திமிங்கிலத்தை. அதற்குப் பிறகு மகள் தென்னை ஈர்க்கும் பத்திரிகைத் தாளும் கோதுமை மாப் பசையும் வைத்து ஒன்றரை அடியில் ஒரு வால் செய்து ஒட்டியிருக்கிறாள். விடிந்து பார்த்தால் எங்கள் நிலாவெளி வீட்டு முற்றத்தில் ஆறேகால் அடி நீலத் திமிங்கிலம் கிடக்கிறது. வாலில் பசை இன்னும் ஈரம். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். இந்த விஷயத்தை என் மாணவர்களிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"வாலை மடிக்க ஏலாதம்மா. தொட்டாலே கழண்டிடும்," என்றாள் மகள்.

"கொஞ்சம் சின்னனாச் செஞ்சிருக்கலாமே?"

"திமிங்கிலத்திட்டப் போய்ச் சொல்லுங்கோ."

அவளுக்குப் பதினைந்து வயது. திருகோணமலைக் கடலுக்கு வந்து போகும் நீலத் திமிங்கிலத்தைப் பற்றி இரண்டு மாதம் படித்து, இரண்டு மாதம் எங்கள் குசினியில் நடக்க இடமில்லாமல் செய்து, அதைக் கட்டி முடித்திருந்தாள். நகரத்திலுள்ள அவளுடைய பாடசாலையில் அன்று விஞ்ஞானக் கண்காட்சி. நடுவர் ஒன்பது மணிக்கு வருவார். அவர் வரும்போது மேசையில் இல்லாத பொருள் போட்டியில் இல்லை. அது பொறுப்பாசிரியையின் சட்டம்.

அந்தச் சட்டத்தை நாங்கள் போன வருடமே அனுபவித்துவிட்டோம். மகள் செய்த வெளிச்சவீடு பத்து நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. போட்டியில் சேர்க்கவில்லை. பிந்தியதற்குக் காரணம் நான்தான். வழியில் ரயருக்குக் காற்று அடிக்கப் போனேன். அன்று வீடு திரும்பும்வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "காத்து போதுமோ அம்மா?" என்று கேட்டாள்.

ரயரில் காற்றுக் குறைந்தால் கார் அதிகம் பெற்றோல் குடிக்கும் என்பதை அவளுக்கு எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறேன். பெற்றோலுக்காக நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்ததே, அதில்தான் எனக்கு இந்தப் பழக்கங்கள் எல்லாம் தொற்றின. பலருக்கு அது போய்விட்டது. எனக்குப் போகவில்லை. அந்த நாட்களில் உப்புவெளி வரைக்கும் நீண்ட ஒரு வரிசையில் என் காரைக் கையால் தள்ளித் தள்ளி நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் எஞ்சினை எழுப்பி ஐந்தடி ஓட்டினால், வாங்கப் போகும் பெற்றோல் வரிசையிலேயே முடிந்துவிடும் என்று பயம். அந்தப் பயம் இன்னும் என் வலது காலின் பெருவிரலில் இருக்கிறது.

அதனால்தான் வெறுங்காலோடு ஓட்டுவேன். செருப்புப் போட்டால் அக்ஸிலேட்டரின் மனம் நமக்குத் தெரியாது. அதற்கடியில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் மிதிப்பேன். பிறேக் என்பது, எரித்த பெற்றோலை ரோட்டில் ஊற்றுவது போல. ஆகவே தூரத்தில் ஒரு மாடு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுவேன். மாட்டுக்குக் கிட்டப் போவதற்குள் கார் தானாகத் தளர்ந்து, மாடும் தானாக எழும்பி, எல்லாம் சுமுகமாக முடியும். தேவையில்லாத பாரம் ஏற்றமாட்டேன். மகளின் புத்தகப் பையில் அன்றைக்கு இல்லாத பாடத்தின் புத்தகம் இருந்தால் இறக்கி வைத்துவிடுவேன். ஏசி போடுவதில்லை. நாலு வேலையை ஒரே பயணத்தில் முடிப்பேன். ஒருமுறை மட்டும், இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "உயிரையும் சேத்து மிச்சம் பிடிக்கப் போறீரோ?" என்றார். அதை விட்டுவிட்டேன்.

காரின் முன்பலகையில், ஒரு லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று காட்டும் சின்ன இலக்கம் ஒன்று உண்டு. ஓட்டும்போது மற்றவர்கள் பிள்ளையாரைப் பார்ப்பார்கள். நான் அதைப் பார்ப்பேன்.

சரி, வால்.

பின்கதவைத் திறந்து கயிற்றால் கட்டிவிட்டு, வாலை வெளியே விடுவதென்று முடிவாயிற்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பொருளுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது சட்டம். வீடெல்லாம் தேடினோம். சிவப்பில் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

"இருக்கே அம்மா. அலுமாரியில உங்கட கூறைச் சேலை."

"கூறைச் சேலையைத் திமிங்கிலத்துக்குக் கட்டுறதோ?"

"கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் அதைக் கட்டினதே இல்லையே. திமிங்கிலமாவது கட்டட்டும்."

கடைசியில் என் கணவரின் வெள்ளை வேட்டியை எடுத்தேன். அவர் புல்மோட்டையில் கனிய மணல் தொழிற்சாலையில் வேலை. வார இறுதியில்தான் வருவார். வேட்டிக்கு அதுவரை வேலையில்லை. நல்ல நீள வேட்டி. வெயிலும் தூசியும் படாமல் திமிங்கிலத்தைத் தலை முதல் வால் வரை போர்த்து, நுனியைக் கயிற்றால் கட்டினோம். முழுகப் போகும் திமிங்கிலம் வாலைத் தூக்குமாம். மகளும் அப்படித்தான் செய்திருந்தாள். ஆகவே போர்த்த துணிக்கடியில் இரண்டு வால் மடல்களும் வானத்தைப் பார்த்தபடி சற்று அகன்று நின்றன. எனக்கு அது வால் போலத்தான் தெரிந்தது. எனக்குத்தான் அது வால் என்று தெரியுமே.

ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டோம். மகள் வெள்ளைச் சீருடையோடு பின் இருக்கையின் மிச்சப் பாதியில் ஒடுங்கி இருந்து, ஒரு கையால் திமிங்கிலத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரு வீட்டில் மாலை வாங்கினோம். நடுவருக்குப் போடவென்று பொறுப்பாசிரியை சொல்லி வைத்திருந்த மாலை; ஒரே பயணத்தில் இதையும் முடிக்கலாம் என்று நானே கேட்டு வாங்கிய பொறுப்பு. அடர்த்தியான மல்லிகை, நடுவில் ஒரு தாமரை. மடியில் வைத்தால் நசியும் என்று மகள் அதைத் திமிங்கிலத்தின் மேல் விரித்து வைத்தாள்.

சாதாரணமாக நான் ஐம்பதில் ஓட்டுவேன். அன்று வால் ஆடாமல் இருக்க வேண்டும் என்பதால் முப்பது. பின்னால் வருகிறவர்கள் விலகிப் போகட்டும் என்று நாலு சிக்னல் விளக்கையும் மினுக்கவிட்டேன். ஆனால் ஒருவரும் விலகிப் போகவில்லை. அதுதான் எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. ஒரு பஸ், இரண்டு வான், மீன் கொண்டு போகும் லொறி, எல்லாம் எனக்குப் பின்னால் ஒழுங்காக, ஒரு ஹோர்ன் சத்தம் இல்லாமல் வந்தன. தெருவோரக் கடைக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் கடைக் கதவைப் பாதி சாத்தினார். தூசிக்குப் பயந்தவர் போல என்று நினைத்தேன். அடுத்த கடைக்காரரும் சாத்தினார். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்றார். எங்கள் அயல் வீட்டு ஓட்டோக்காரர் எதிரே வந்தார். வழக்கமாக, "என்ன ரீச்சர், மாட்டு வண்டி முந்தப் போகுது!" என்று சத்தம் போட்டுவிட்டுப் போகிற மனிதர். அன்று ஓட்டோவை ஓரமாக நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டார்.

"பாத்தியா பிள்ளை?" என்றேன். "நிதானமா ஓடினா சனம் மதிக்கும்."

மகள் வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்தாள். ஏசி இல்லாததால் அவள் அடிக்கடி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஏழெட்டு மாடுகள் ரோட்டை நிறைத்துப் படுத்திருந்தன. நான் தூரத்திலேயே காலை எடுத்தேன். கார் தளர்ந்தது, தளர்ந்தது, மாட்டின் மூக்கடியில் போய் நின்றது. மாடு எழும்பவில்லை. என் காரின் ஹோர்ன் பூனைக்குட்டி போலக் கத்தும். அதை மாடுகள் கணக்கெடுப்பதில்லை. மற்ற நாட்களில் பின்னால் வரும் பஸ் ஒரு அதட்டு அதட்டும், மாடுகள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும். அன்று பஸ்ஸும் மௌனம். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நேர் பின்னால் ஒரு வெள்ளை ஜீப். அதற்குள் இருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, என் காரை நோக்கிக் கைகூப்பினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் தலையை அசைத்தேன். நாட்டில் சனங்களுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மணி எட்டு முப்பத்தைந்து. மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அப்போது என் கைப்பேசி அடித்தது. மகள் எடுத்து, எனக்கும் கேட்கும்படி வைத்தாள். புல்மோட்டையிலிருந்து என் கணவர்.

"பிள்ளை... அம்மா எங்க?"

"அம்மா கார் ஓடுறா."

"அம்மாவா ஓடுறா?"

"ஓம் அப்பா. ஓடேல்ல, இப்ப மாட்டுக்கு முன்னால நிக்கிறா."

"அப்ப... பின்னால ஆர் படுத்திருக்கிறது?"

"திமிங்கிலம்."

"வேட்டி ஆர்ர?" என்றார்.

"உங்கட."

அயல் வீட்டு ஓட்டோக்காரர்தான் அவருக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார். உங்கட வீட்டுக் கார் வேட்டி போத்தின பிரேதத்தோட போகுது, தலையைக் குனிஞ்சதில முன்னுக்கு ஆர் ஓடினது எண்டு பாக்கேல்ல, பின்னால மகள் அழுதுகொண்டு போகுது, ஆர் மோசம் போனது எண்டுதான் விளங்கேல்ல எண்டு.

"இஞ்ச வேலைசெய்யிற எல்லாரும் வந்து எனக்குக் கை குடுத்துக்கொண்டு நிக்கினம்," என்றார் என் கணவர். "நான் இப்ப இவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது? திமிங்கிலம் எண்டா நம்புவினமோ?"

மகள் இறங்கி, பின்னால் போய், திரும்பி வந்தாள். அவள் முகத்தை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

"அம்மா. வேட்டி, மாலை. ரெண்டு கால் மேல பாக்குது. நான் வெள்ளைச் சட்டையில கட்டிப் பிடிச்சுக்கொண்டு கண்ணைத் துடைக்கிறன். நீங்கள் முப்பதில ஓடுறீங்கள். அம்மா, நாங்கள் செத்தவீடு!"

கைப்பேசியில் என் கணவர் இன்னும் இருந்தார். "எத்தினையில ஓடுறா? முப்பதிலயோ? அவவிட்டச் சொல்லு பிள்ளை, முப்பதில மிச்சமில்லை, அதுக்குத்தான் கூட எண்ணெய் போகும்."

அது எனக்கு ஏற்கெனவே தெரியும். முன்பலகையின் இலக்கம் நிலாவெளியிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு கவனமாக ஓட்டிய ஒரு நாளில் அந்த இலக்கம் இவ்வளவு கீழே போனதை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

மாலையை எடுத்துவிடலாம் என்றால், பின்னால் இத்தனை பேர் கைகூப்பிக்கொண்டிருக்கும்போது எப்படி எடுப்பது? வேட்டியை அவிழ்த்தால் வெயில் ஈர வாலில் படும். துணி கட்டாத பாரத்துக்குப் பொலிஸ் மறிக்கும். ஜீப்பிலிருந்து யாரோ இறங்கி, எங்களைப் பார்க்காமல் தலை குனிந்தபடி முன்னால் போய், மாடுகளை மெதுவாகத் தட்டி எழுப்பினார்கள். வழி கிடைத்தது. மணி எட்டு ஐம்பது. இன்னும் பாதி வழி இருந்தது.

"அம்மா," என்றாள் மகள். அவள் குரலில் போன வருடத்து வெளிச்சவீடு இருந்தது. "ஒருக்கா மிதியுங்கோ. ஒரே ஒருக்கா."

மிதித்தேன். முட்டையை மறந்தேன், விரலின் பயத்தை மறந்தேன். கார் பாய்ந்தது. அதோடு பின்னால் "டக்" என்று ஒரு சத்தம்.

"வால்!" என்று மகள் கத்தினாள்.

காலை எடுத்தேன். வால் முழுதாகக் கழலவில்லை. ஒரு பக்கம் பிளந்து, வேட்டியின் தயவில் தொங்கியது. மகள் பின்னுக்குச் சாய்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இப்போது உண்மையாகவே அழுதாள். மறுபடி முப்பது. இனி அந்தக் கோலத்திலேயே போய்ச் சேருவதைத் தவிர வேறு வழியில்லை.

உப்புவெளியில் யுத்த மயானத்தைத் தாண்டும்போது, அங்கே கல்லறைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் இருவர் எங்களைக் கண்டு கமராவைக் கீழே இறக்கிவிட்டு அசையாமல் நின்றார்கள். புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்தினார். "ஐயோ, அந்த மனுசன்ர வேலையும் கெடுது," என்றேன். "நீங்கள் நேர பாத்து ஓடுங்கோ," என்றாள் மகள் மூக்கை உறிஞ்சியபடி.

அனுராதபுரச் சந்தியில் வாகன நெரிசல். இங்கே பத்து நிமிடம் போகும் என்று நான் கணக்குப் போட்டு முடிக்கும் முன், போக்குவரத்துப் பொலிஸ்காரர் என்னைக் கண்டார். விசில் ஊதினார். மூன்று பக்கத்தையும் நிறுத்தினார். எனக்குப் பின்னால் வந்தவற்றையும் கை காட்டி நிறுத்தி, என்னை மட்டும் விட்டார். நான் கடக்கும்போது நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சலூட். அதை ஏற்றுக்கொள்ளும் முகம் எனக்கு அப்போது இல்லை.

ஒன்பது பன்னிரண்டுக்குப் பாடசாலை வாசல். பொறுப்பாசிரியை படியில் நின்றார். காருக்குப் பின்னால் இருந்ததைக் கண்டதும் ஒரு கை நெஞ்சுக்குப் போனது. மகள், "திமிங்கிலம் ரீச்சர், திமிங்கிலம்," என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

"நடுவர் வந்திட்டாரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. அதுதான் எனக்கும் விளங்கேல்ல. குச்சவெளியில இருந்து வாறவர். ஒருநாளும் பிந்தாத மனுசன்."

நாங்கள் மூவரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். மேசையில் வைத்தோம். வாலை ஒட்ட நேரமில்லை. பிளவு தெரியாமல் இருக்க வேட்டியை வால் பக்கம் அப்படியே விட்டு, தலைப் பக்கம் மட்டும் திறந்தோம். மாலையை எடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மகள் மேசைக்குப் பின்னால் நின்று, "அம்மா, போன முறை மாதிரி இல்லை, மேசையில வந்திட்டுது," என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவர் கையிலும் மாப் பசை.

ஒன்பது இருபத்தைந்துக்கு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. வெள்ளை ஜீப். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நனைந்த தலையோடு அந்தப் பெரியவர் இறங்கி வேகமாக வந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்," என்றார். "நிலாவெளியில இருந்து ஒரு பிரேதத்துக்குப் பின்னால வந்தனான். முந்திப் போக மனம் வரேல்ல. பிறகு நல்ல காரியத்துக்குப் போறன் எண்டு குழாயடியில தலையும் காலும் கழுவினதில இன்னும் பிந்திப்போச்சு. ஆரோ பாவம். நல்ல நெட்டை மனுசன். அந்தக் காலைப் பாத்தா ஆருக்கும் அழுகை வரும்."

பொறுப்பாசிரியைக்கு அப்போதுதான் மாலை ஞாபகம் வந்தது. பதற்றத்தில் ஓடிவந்து, திமிங்கிலத்தின் முதுகிலிருந்து அதை எடுத்து, அவர் கழுத்தில் போட்டார். நான் தடுக்கக் கை நீட்டினேன். பிந்திவிட்டது.

பெரியவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். நடுவில் தாமரை. மாலை எங்கிருந்து வந்தது என்று மேசையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். அதற்கடியில் வானத்தைப் பார்த்து நின்ற இரண்டையும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். கடைசியாக என் வெறுங்காலைப் பார்த்தார். செருப்பு காருக்குள்ளேயே இருந்தது.

மகளின் விரல்கள் என் கையை நெரித்தன.

அவர் வேட்டியை மெதுவாக விலக்கினார். பிளந்த வாலைத் தடவிப் பார்த்தார்.

"இது எந்த இடத்தில உடைஞ்சது எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "நான் பின்னாலதான் வந்தனான். அதுக்குப் புள்ளி குறைக்க மாட்டன்." பிறகு மாலையைச் சரிசெய்து, தொப்பியை மறுபடி கழற்றுவதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்து, கையிலேயே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"சரி பிள்ளை, அழாதைங்கோ. இவர் உயிரோட இருக்கேக்க ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டவர்? சொல்லுங்கோ பாப்பம்."